ஓரத்து இரண்டு வரிசை

"ரெண்டு வரிசை கோஸை அப்படியே விட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, என்னாச்சு உங்களுக்கு?"

ரஞ்சிதம் போட்ட சத்தம் பக்கத்து லயத்து வீடுகள்வரை கேட்டது. கியா பார்ம் சந்தைக்குப் போகும் காய்கறி லோரி ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் புனிதன் நிதானமாகக் கையைக் கழுவினான். எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் முட்டைக்கோஸ் போட்டிருந்தான்.

"விளைஞ்சதை ஓரம்வரைக்கும் வழிச்சு அறுக்காதே, இல்லாதவங்களுக்கு விட்டு வைன்னு வேதத்துல இருக்கு. போன ஞாயிறு சபையில படிச்சோம்ல?"

"எல்லாரும்தான் படிச்சாங்க. வேற யாராவது விட்டாங்களா?"

"மத்தவங்க கதை எனக்கு எதுக்கு?"

"இங்க யாருங்க இல்லாதவங்க? வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிக்குது."

"அது எனக்குத் தெரியாது. விடச் சொல்லியிருக்கு, விட்டுட்டேன்."

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். புனிதன் வாசலை மறித்து நின்றான்.

"ரஞ்சிதம், அது இனிமே நம்மது இல்ல."

லோரி போய்விட்டது.

ஒரு வாரம் விடாத மழை. யாரும் தொடவில்லை. நாலைந்து கோஸ் வெடித்து அழுகியது. சபையில் சிரித்தார்கள். மூப்பர் கருப்பையா அவன் தோளில் தட்டினார்.

"அதெல்லாம் அந்தக் காலத்து ஜனங்களுக்குச் சொன்னது லா, தம்பி. நமக்கில்ல."

"எது எது நமக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கண்ணே. அதை மட்டும் படிச்சுக்கறேன்."

ரஞ்சிதத்தால் தலை நிமிர முடியவில்லை.

அடுத்த வாரம் கோஸ் குறைய ஆரம்பித்தது. தினம் விடியற்காலையில் ஒன்று. அதற்கு மேல் போகவில்லை.

"பாத்தீங்களா? எவனோ திருடுறான்!"

"விட்டு வச்சதை எடுத்தா அது திருட்டா?"

"வசதி உள்ளவனா இருந்தா? நாளைக்குக் கையும் களவுமாப் பிடிச்சு, நாலு பேர் முன்னாடி நிறுத்தறேன் பாருங்க."

"போகாத. யாரு எடுக்கறாங்கன்னு பாக்கறதுக்கா விட்டோம்?"

அவள் கேட்கவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்பே டார்ச்சை எடுத்துக்கொண்டு, தேயிலைச் செடிகளின் ஓரமாகப் பதுங்கிப் போனாள்.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். சேலை பனியில் நனைந்திருந்தது. திரும்பி வரப் போட்ட டார்ச்சை அணைக்கக்கூட இல்லை.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புனிதன் கேட்டான், "பிடிச்சிட்டியா? யாரு?"

"யாருமில்ல. காட்டுப்பன்னி."

"பன்னியா? அப்ப வேலி போடணுமே."

"வேலியும் வேணாம், கீலியும் வேணாம்!" அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். "அடுத்த தடவை நாலு வரிசையா விடுங்க. கீழ்ப்பாதைப் பக்கமா விடுங்க. ஏறி வர்றதுக்குச் சிரமமா இருக்கும்."

புனிதன் அவளையே பார்த்தான். பன்னிக்கு என்ன சிரமம் என்று கேட்க வாயெடுத்தவன், கேட்காமலே தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ரஞ்சிதம் அடுப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கூப்பிட்டிருந்தால் கோஸ் எடுக்க வந்தவள் கூசிக் குறுகிப் போயிருப்பாள் என்றுதான், அவள் போய் மறையும்வரை செடிக்குள்ளேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பனியில் முக்காடு போட்டுக் குனிந்து, ஒரே ஒரு கோஸை அறுத்து மடியில் கட்டிக்கொண்டு போனது ரஞ்சிதத்தின் கூடப்பிறந்த தங்கை, கீழ் லயத்துச் சாரதா. நேற்றுச் சாயங்காலம்கூட, "எங்களுக்கென்னக்கா குறை, ராஜா மாதிரி இருக்கோம்" என்று போனில் சிரித்தவள்.