ஆடுகிற கைப்பிடி

"மறுபடியும் ஆடுதாமே, பிரதர்?"

தலைவர் கேட்டதும் மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. தச்சருக்குக் காது மடல் வரை சுட்டது.

கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் சகோதரர் சபை அது. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் 'பிரதர்'தான். ஆளுக்கொரு கைத்தொழில் தெரியும். ஓய்வு கிடைக்கிற நாளில் வசதி இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய் கூரை, குழாய், கதவு என்று எதையாவது இலவசமாகச் சரி செய்து கொடுப்பார்கள். விதி ஒன்றுதான், ஆனால் கறாரானது. சபையில் எழுந்து 'முடிஞ்சது' என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்கு அப்புறம் யாரும் போகக் கூடாது. அடுத்த வீடு காத்திருக்கும்.

தச்சரால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் நின்றது வாட்ச்காரர் வீடு ஒன்றுதான். வாட்ச் ரிப்பேர் கடை நடத்தியவர், இப்போது தனியாளாகச் சக்கர நாற்காலியில். அவர் வீட்டு வாசலில் தச்சர் மரத்தால் சாய்வுப் பாதை போட்டு, பிடித்துக்கொள்ள ஓரத்தில் கைப்பிடியும் வைத்துக் கொடுத்திருந்தார். பாதை பாறை மாதிரி நின்றது. கைப்பிடி மட்டும் வாரா வாரம் ஆடியது.

மண்டபத்தில் சிரிப்பு அடங்காததைப் பார்த்துத் தச்சர் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். முதலில் அகப்பட்டவர் எலக்ட்ரீஷியன்.

"என்னைப் பார்த்து ஏன் சிரிக்கறீங்க பிரதர்? அதே வீட்டு காலிங் பெல்லை நீங்க எவ்வளவு நாளா ரிப்பேர் பண்றீங்க? என் கைப்பிடிக்கு அது அண்ணன்!"

எலக்ட்ரீஷியன் அசடு வழிந்தார். "என் கைராசி அப்படி, பிரதர்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்க, முதியோர் இல்லத்துக்குக் கட்டில் செய்ய மரம் வந்தாச்சு. உங்ககிட்டதான் கொடுக்கணும்னு நினைச்சேன். கைப்பிடியே ஆடினா, கட்டில்ல படுக்கறவங்க கதி? அடுத்த ஞாயித்துக்கிழமை 'முடிஞ்சது'ன்னு சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

அந்தக் கட்டில் வேலை மேல் தச்சருக்குக் கொள்ளை ஆசை. சபையில் சேர்ந்ததே அப்படி ஒரு வேலை கைக்கு வரும் என்றுதான்.

அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. ஸ்க்ரூவை மாற்றியாயிற்று. நீளமான ஸ்க்ரூவும் போட்டாயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் இறுக்குவார். வாட்ச்காரர் டீ கொடுத்து, யார் யார் வாட்ச் எந்த அழகில் ஓடியது என்று ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைத்து அனுப்புவார். அடுத்த வாரம் போன் வந்துவிடும்: "தம்பி, கைப்பிடி ஆடுது."

அன்று ராத்திரி சொந்தக் கட்டிலையே பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"இதுவும் ஆடுதான்னு பார்க்கறேன்."

"கட்டில் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் ஆடிப் போயிருக்கீங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் பையில் பசை டப்பாவோடு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார். பசை போட்டு இறுக்கினால் எமனே வந்தாலும் அசையாது. அடிக்காத பெல்லை அழுத்துவானேன் என்று நேராக வாசலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சாய்வுப் பாதையில் நாற்காலியை நிறுத்தி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கைப்பிடி ஸ்க்ரூவைப் பக்குவமாகக் கழற்றிக்கொண்டிருந்தார் வாட்ச்காரர்.

"ஐயா!"

ஸ்க்ரூ டிரைவர் நழுவி, சரிவில் உருண்டு, தச்சர் காலடியில் வந்து நின்றது.

"என் மானத்தை வாங்கறதுல உங்களுக்கு என்னங்க சந்தோஷம்? சபையே கை கொட்டிச் சிரிக்குது!"

வாட்ச்காரர் நிமிரவில்லை. "தப்புதான், தம்பி. இது ஆடாம நின்னா நீங்க 'முடிஞ்சது'ன்னு சொல்லிடுவீங்க. அப்புறம் இந்தப் பாதையில ஏறி வர்றதுக்கு யாரு இருக்கா?"

"அதுக்கு, சும்மா வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட வேண்டியதுதானே?"

"வேலை இருக்குன்னா உரிமையா கூப்பிடலாம். சும்மா வாங்கன்னு கூப்பிட வாய் வரல தம்பி, கையேந்தற மாதிரி இருக்கு. சபையில மட்டும் சொல்லிடாதீங்க."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் மடியில் வைத்தார் தச்சர்.

"டீ இருக்கா?" என்றார்.

கிளம்பும்போது முழங்கை எதன் மேலோ பட்டது. 'டிங் டாங்' என்று கணீரென்று அடித்தது பெல்.

"ஐயா, பெல் அடிக்குதே?"

"அப்பப்ப அடிக்கும்," என்ற வாட்ச்காரர் கூரையைப் பார்த்தார்.

தச்சர் குழம்பியபடியே வீடு வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்து மூலையில் கட்டில் மரம் அடுக்கியிருந்தது. புது மர வாசனை தச்சரை என்னவோ செய்தது.

"முடிஞ்சதா, பிரதர்?" என்றார் தலைவர்.

தச்சர் எழுந்தார். சொல்லப்போகிற பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எப்படி ஒப்புக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

"முடியல, பிரதர். என் கைராசி அப்படி. இந்தச் சனிக்கிழமையும் போகணும்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "அப்போ கட்டில் வேற ஆளுக்குத்தான்," என்றார் தலைவர்.

சிரிக்காதவர் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான். எல்லாரும் கலையும்போது தச்சர் பக்கத்தில் வந்து, காதோடு சொன்னார்.

"சனிக்கிழமை நீங்க பார்த்துக்கோங்க, பிரதர். புதன்கிழமை என்னோடது."