நூறு மைல் காது

"நூறு மைலுக்கு அந்தாண்ட எறும்பு நடந்தாகூட அவளுக்குக் கேக்கும்த்தா."

"அடேங்கப்பா. அப்ப உங்கம்மா பொலம்பறதும் கேக்குமே."

"கிண்டல் பண்ணாதீங்க. இன்னைக்கிக் கடைசி எபிசோடு. தாராவ சத்தமே நுழையாத ரூம்ல போட்டு அடைச்சிட்டாங்க."

ஷமீனா செல்போனை டிவிக்கு நேராகத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். சனிக்கிழமை மாலை ஆறு மணியானால் கடலூரில் அவளும், துபாயில் வேலை பார்க்கும் அத்தா அபுபக்கரும் வீடியோ காலில் சேர்ந்து பார்க்கும் தொடர் அது. பதினாறு வயது தாராவுக்குக் காதுதான் ஆயுதம். ஷமீனாவுக்கும் பதினாறு வயது.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், தலையணையை மடியில் வைத்துப் பிசைந்தாள். தொடர் முடிந்துவிட்டால் அத்தா எதைச் சாக்கிட்டு வாராவாரம் கூப்பிடுவார்?

"எப்பத்தா வருவீங்க?"

"பெருநாளைக்குப் பாக்கலாம்மா."

"போன பெருநாளைக்கும் இதத்தான் சொன்னீங்க. உங்க கம்பெனிய இழுத்து மூடிட்டாங்கன்னு தமீம் அன்சாரி மாமா பண்ருட்டிக்கே திரும்பி வந்துட்டாரு."

"அது வேற பிராஞ்சு. நீ டிவியப் பாரு."

"மூஞ்சியாவது காட்டுங்களேன்."

"இங்க நெட்டு ஸ்லோம்மா. என் பக்கம் கேமரா போட்டா கட்டாயிடும்."

கேமரா போடாமலே கட்டாகத்தான் செய்தது. வாராவாரம் ஆறேகால் வாக்கில் லைன் போகும். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, "பாழாப்போன நெட்டு" என்பார்.

டிவியில் தாரா சுவரில் காதை வைத்தாள். எங்கோ ஓர் இதயம் துடித்தது.

"யாரு அது? அவுங்க அப்பனா?" அத்தாவின் குரலில் அத்தனை பரபரப்பு.

"பேசாதீங்கத்தா."

தாராவின் கை கதவைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து, ஐந்து தெரு தள்ளியிருந்த பள்ளிவாசலில் யாரோ மைக்கைத் தட்டினார்கள். அடுப்படியிலிருந்து அம்மா ஷரீபா, "பாங்கு சொல்லப் போறாங்க, சத்தத்தக் கொறடி" என்று சொல்லி முடிப்பதற்குள் ஷமீனா டிவியை மியூட் செய்திருந்தாள்.

வீடு அமைதியானது. பாங்கு சொல்லும் சைபுல்லா மாமா எப்போதும்போல இரண்டு தடவை இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அந்த இருமலைத் தெரியாதவர்கள் அந்தப் பேட்டையில் கிடையாது.

ஜன்னல் வழியாக அது மெலிதாக வந்தது. போனுக்குள்ளிருந்து அதே இருமல் ஓங்கிக் கேட்டது.

ஷமீனா போனைக் கையில் எடுத்தாள்.

"கட் பண்ணாதீங்கத்தா," என்றாள் மெதுவாக. "அஞ்சு தெருதானே. நடந்தே வூட்டுக்கு வந்துடுங்களேன்."