முதலாளி இல்லாத கரைவலை

மக்கீன் சேர் கடவுச்சொல்லை மூன்றாம் முறையும் பிழையாக அடித்தார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பித்த விரல்கள், அன்று அசர் தொழுகைக்குப் பிறகு சொல்வழி கேட்கவில்லை.

"இன்னும் என்ன யோசின? எழுதினவன் ஆரெண்டு பாருங்க" என்றாள் மனைவி ஜெனூபா. "பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்லுறதுக்குள்ள ஆளக் காட்டினா கலியாணம், இல்லாட்டி இல்லையாம். நிப்றாஸ்ட சாச்சா இப்பதான் போன்ல கோல் எடுத்தாரு."

நிப்றாஸ்தான் மகள் சிபானாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை. கலியாணத்துக்கு உலை வைத்தது சேரின் சொந்தப் பிள்ளையான 'கரைவலை'. சொந்தப் பிள்ளை என்றால், அவர் மருதமுனையில் உண்டாக்கிய சமூக ஊடகம்.

கடலில் இழுக்கிற கரைவலைக்காவது ஒரு முதலாளி உண்டு, இதற்கு ஒருவரும் இல்லை என்று சேர் போகிற வருகிற இடமெல்லாம் பெருமை பேசுவார். ஒரே கம்பெனி எல்லாவற்றையும் கையில் வைத்திராது. ஊருக்கு ஊர் ஒரு சேர்வர் கொம்பியூட்டர், அவை தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும். மருதமுனைச் சேர்வர் சேர் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

அதில் முன்னூறு பேர் இருந்தார்கள், அதிகம் பேர் புனைபெயரில். எழுதுவது யார் என்று சேர்வரை நடத்துகிறவர் தேடிப் பார்க்கக் கூடாது என்பது முதல் விதி. விதியை எழுதியவரும் சேர்தான், நடத்துகிறவரும் சேர்தான்.

முந்தாநாள் 'உப்புக்காத்து' என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது. "மக்கீன் சேர்ட மகள் சிபானாக்கு வலிப்பு வருத்தம். ஆருக்கும் சொல்லாம மறைச்சிக்கிட்டு இருக்கா. தாய் தகப்பன் நல்ல சனம், அதுகளுக்கே தெரியா."

வலிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்குக்கூட ஒரு நாளுக்கு மேல் படுக்காத பிள்ளை அவள். சேர் அந்தப் பதிவை உடனே அழித்தார், ஆனால் அதற்குள் அது மற்றச் சேர்வர்களுக்கும் போய்விட்டது. கட்டாரில் வேலை செய்கிற ஊர்க்காரர்கள் வாசித்துவிட்டு ஊருக்குக் கோல் எடுத்துத் துக்கம் விசாரித்தார்கள்.

"பேஸ்புக் எண்டாலாவது ரிப்போட் பண்ணலாம். ஒங்கட இதுக்கு ஆருக்கிட்டப் போய் அழுற?" என்று ஜெனூபா அப்போதே கேட்டாள்.

போன வருடம் பேக்கரிக் காலிதீன் இதே கதிரையில் இருந்துதான் அழுதார். தான் சுடுகிற பாணைப் பற்றிப் பொய் எழுதியவன் யாரென்று மட்டும் சொல்லச் சொன்னார். சேர் அவருக்குக் கருத்துச் சுதந்திரம் பற்றி அரை மணித்தியாலம் வகுப்பெடுத்து அனுப்பினார். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வருகிற திங்கட்கிழமை நொத்தாரிசிடம் போய் வீட்டை மகள் பெயருக்கு உறுதி எழுதுவதாக இருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம், சேரிடம் இருந்ததோ இந்த ஒரே வீடு. அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு அவரும் ஜெனூபாவும் சம்மாந்துறையில் வாடகைக்குப் போக முடிவெடுத்திருந்தார்கள். கோப்பை பீங்கான்களைப் பழைய கடதாசியில் சுற்றிப் பெட்டியிலும் வைத்தாகிவிட்டது.

உறுதிக்கு நாள் குறித்ததிலிருந்து சிபானா சரியாகச் சாப்பிடவில்லை. கலியாணப் பயம் என்றாள் ஜெனூபா.

"முன்னூறு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கன், ஜெனூபா. நான் பார்க்க மாட்டன் எண்டு."

"ஒங்களுக்கு வாக்குப் பெரிசா, மகள்ட வாழ்க்கை பெரிசா? அவனக் கொண்டுவந்து பள்ளிவாசல்ல நிப்பாட்டுங்க. பொய்தான் எழுதின எண்டு அவன்ட வாயால சொல்லட்டும். எல்லாம் சரியாப் போயிடும்."

நான்காம் முறை கடவுச்சொல் சரியாக விழுந்தது. சேர் 'பிஸ்மி' சொல்லிக்கொண்டு 'உப்புக்காத்து' என்று தேடினார். கணக்குத் தொடங்கியவரின் மின்னஞ்சல் முகவரி திரையில் வந்தது.

ஒரே ஒரு வரிதான். அதை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. சேர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"ஆரு? நமக்குத் தெரிஞ்ச ஆளா?"

"தெரியா" என்றார் சேர். "கண்டுபிடிக்க ஏலாமக் கிடக்கு."

"இவ்வளவு படிச்சும் இதுதானா?" ஜெனூபாவுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னும் ஒரு நாள் தவணை கேட்கலாம் என்று போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

சிபானா தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்தாள். சேர் அவசரமாகத் திரையை மூடப் போனார், கை முந்தவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு வாப்பாவைப் பார்த்தாள். கோப்பையை மேசையில் வைக்கும்போது பாதித் தேத்தண்ணி கொட்டிவிட்டது.

முற்றத்தில் ஜெனூபா யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். மஃரிபுக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

"வீட்டக் குடுத்திட்டு நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க?" என்று கேட்டாள் சிபானா. "நீங்க பார்க்க மாட்டீங்க எண்டு நம்பித்தானே வாப்பா, நான் அத எழுதின!"