எடுக்க வந்தவர்கள்

"ஜெபகுமாரு, டி.வி.க்காரங்கோ வந்துட்டாங்கோ! இன்னும் இன்னாத்துக்கு உள்ளாற குந்திக்கினு கீற? மிஷினைத் தூக்கி வெளிய போடுப்பா!"

கத்திக்கொண்டே வந்தவர் திருவேங்கடம். கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அதைவிட முக்கியமாக, வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர்.

தையல்காரர் ஜெபகுமார் தலையை நிமிர்த்தாமல் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேணாம் அண்ணாத்த. காவாயைத் தாண்டி சாமான் வெக்கக்கூடாதுன்னு சங்கத்துலதானே தீர்மானம் போட்டீங்கோ?"

"அது சாதா நாளுக்குப்பா. இன்னிக்கு டி.வி.! பொந்துக்குள்ள குந்திக்கினு இருந்தா உன் கடை எப்பிடித் தெரியும்? ஊரோட ஒத்துப் போ."

திருவேங்கடத்தின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஊரைச் சுற்றி மனை மனையாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. வந்ததெல்லாம் சம்பளக் குடும்பங்கள். ஆனால் குக்கருக்கு ஒரு கேஸ்கட் வாங்கக்கூட மின்சார ரயிலேறித் தாம்பரம் போனார்கள். சங்கம் காலண்டர் அடித்துக் கொடுத்தது. 'நம்ம ஊரிலேயே வாங்குவோம்' என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சுற்றியது. ஜனங்கள் அதைக் கேட்டுக்கொண்டே ரயிலேறினார்கள்.

இப்படியே போனால் அப்பா வைத்த கடைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான் என்று அவருக்கு உள்ளூர நடுக்கம். கடைசி முயற்சியாக, ஊர் ஊராகப் போய்க் கடைவீதிகளைக் காட்டும் ஒரு டி.வி. நிகழ்ச்சிக்குச் சங்கத்தின் பேரில் எழுதிப் போட்டிருந்தார். பதிலே வரவில்லை. இன்று காலையில், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, வாடகை வேன் ஒன்றிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் தோளில் வீடியோ கேமரா. இன்னொருவர் தலையில் தொப்பி.

"எங்க பஜாரை எடுக்கத்தானே சார் வந்துகிறீங்கோ?" என்று ஓடிப்போய்க் கேட்டார் திருவேங்கடம்.

தொப்பிக்காரர் ஆச்சரியப்பட்டார். "ஆமாங்க. முன்னாடியே தெரியுமா?"

"இன்னா சார் இப்பிடிக் கேட்டுட்டீங்கோ? வரச் சொல்லி எழுதிப் போட்டதே நாங்கதானே!"

"நீங்களேவா?" அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை திருவேங்கடத்தை நன்றாகப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் எடுக்கணும்."

"ஒரு அரை மணி நேரம் குடுங்க சார். ரெடி பண்ணிடறோம்!"

கடைவீதியே கடையை விட்டு வெளியே வந்தது. மளிகைக்கடை மூட்டைகள் ரோட்டோரச் சாக்கடைக் கால்வாயைத் தாண்டின. செருப்புக்கடைக்காரர் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார். திருவேங்கடத்தின் பித்தளைக் குடங்கள் தார் ரோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஜெபகுமாரின் தையல் மிஷினை அவரே ஆள் வைத்துத் தூக்கிவந்து வெளியே போட்டார். பாதி ஜாக்கெட்டும் கையுமாக ஜெபகுமார் பின்னாலேயே வந்தார்.

படப்பிடிப்பு ஆரம்பித்தது. கேமராக்காரர் ஒவ்வொரு கடையாக எடுத்தார். தொப்பிக்காரர் ஒரு டேப்பை உருவி, "இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க சார்" என்றார். திருவேங்கடம் தேர்வடம் கிடைத்தது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டி.வி.க்காரங்கோ இன்னாத்துக்கு அண்ணாத்த அளக்கறாங்கோ?" என்று கிசுகிசுத்தார் ஜெபகுமார்.

"உனக்கு இன்னா தெரியும்? மாவலிபுரம் பீச்சுல ஷூட்டிங் பார்த்தவன் நானு. கேமராலேர்ந்து ஈரோயினி மூக்கு வரிக்கும் டேப் புடிச்சுத்தான் அளப்பாங்கோ. இல்லாட்டி படம் மங்கிப்பூடும்."

பாத்திரக்கடையின் முறை வந்தது. கேமரா திருவேங்கடத்தின் பக்கம் திரும்பியது.

"இது யார் கடைங்க?"

"என்துதான் சார். திருவேங்கடம், செயலாளர்."

"எது வரைக்கும் உங்க கடை?"

"இதோ, இந்தக் கடைசிக் குடம் வரிக்கும். எங்கப்பா காலத்துலேர்ந்து! காவாயே எங்க கடைக்குள்ளாறதான் சார் ஓடுது!"

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். இதைப் பார்க்க அப்பா இல்லையே என்று அவருக்குக் கண் கலங்கியது.

அடுத்து ஜெபகுமாரிடம் கேட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள், "அவன் கூச்சப்படுவான் சார். இது வரிக்கும் அவன் கடைதான்னு எழுதிக்கோங்கோ" என்றார் திருவேங்கடம் பெருந்தன்மையாக.

கடைவீதியின் கோடி வரை எடுத்து முடித்து, சங்கத்தின் செலவில் ஆளுக்கொரு பன்னீர் சோடாவும் குடித்துவிட்டு இருவரும் வேனில் ஏறினார்கள். திருவேங்கடம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப சார் போடுவீங்கோ?"

"போடறதுக்கு அடுத்த பொங்கல் ஆயிடும். அதுக்கு முன்னாடி எடுக்கணுமே."

"அதான் எடுத்துட்டீங்களே சார்!"

"இன்னிக்கு அடையாளத்துக்கு வீடியோ மட்டுந்தாங்க. காவாயைத் தாண்டி வந்திருக்கிற கடையை எல்லாம் இடிச்சு எடுத்தாத்தானே நாலு வழி ரோடு போட முடியும்?" என்ற தொப்பிக்காரர், நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மத்த ஊர்ல எல்லாம் எங்களைக் கண்டாலே சாமானை உள்ள இழுத்துப்பாங்க சார். கடை கடையாப் போய் வெளிய வைக்கச் சொன்ன சங்கத்தை இங்கதான் பார்க்கறேன்!"