பக்கத்துச் செல்

"இது யாரோட யோசனை?"

அந்த மாணவியிடம் தமயந்தி கேட்ட கடைசிக் கேள்வி அது.

திரையில் வெட்டுக்கிளியின் கரு. ஒன்றுபோல் இருக்கும் செல்களின் சிறு கூட்டம். அதில் ஒன்று மட்டும் நரம்புச் செல்லாகும். ஆகும்போதே, பக்கத்தில் இருப்பவற்றை நரம்பாக விடாமல் தடுக்கும். அதை லேசரால் சுட்டுக் கொன்றால், பக்கத்துச் செல் அந்த இடத்துக்கு வரும்.

அதை முதலில் பார்த்தவள் தமயந்திதான். பல வருடங்களுக்கு முன், இதே பல்கலைக்கழகத்தில், மாணவியாக.

"தப்பா சுட்டிருப்ப தமயந்தி, போய் வேற வேலையப் பாரு" என்றார் அன்று பேராசிரியர் சத்தியசீலன்.

அடுத்த வருடம் கட்டுரை வந்தது. அவர் பெயரில் மட்டும்.

போய்க் கேட்டாள். ஆய்வகச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். வேறு ஊரில், வேறொருவரிடம், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இன்று அவருடைய மாணவி ஹாஜிராவுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. தமயந்தி தேர்வாளர்.

ரயிலிலேயே முடிவு செய்திருந்தாள். இந்தப் பெண் தேறக்கூடாது.

ஆனால் ஹாஜிரா அவளுடைய எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டாள். தாமதமாகச் சுட்டால் பக்கத்துச் செல் வருவதில்லை, இடம் காலியாகவே இருந்துவிடுகிறது என்று கண்டிருந்தாள். இதுவரை யாரும் பார்க்காதது. அழகான வேலை.

"என்னோட யோசனைதான், மேடம்."

முன்வரிசையில் சத்தியசீலன் சிரித்தார்.

"நான் சொல்லிக் குடுத்ததுதாம்மா. பொண்ணு பதட்டத்துல மாத்திச் சொல்லுது."

ஹாஜிரா தலையைக் குனிந்துகொண்டாள்.

தமயந்தி பேனாவை மூடி வைத்தாள்.

"அப்படியா சார்? அப்ப நீங்களே வந்து சொல்லுங்களேன். எந்தக் கட்டத்துக்கு அப்புறம் பக்கத்துச் செல் வர்றதில்ல? அத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் மேடை ஏறினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

விரல் ஒரு செல்லின் மேல் நின்றது. பிறகு இன்னொன்றின் மேல்.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

ஹாஜிரா உதவ வாய் திறந்தாள்.

"நீ இரும்மா. சார் சொல்லட்டும்."

ஹாஜிராவின் கண்கள் நிறைந்தன. நாளை காலை அவள் அவருடைய ஆய்வகத்துக்குத்தான் போயாக வேண்டும்.

தமயந்திக்கு அது தெரியும்.

"அவசரமே இல்ல, சார்" என்றாள்.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.