நூலில் கட்டிய பேனா

ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு மேசையில் ஒரு தெர்மாமீட்டரும், யாரும் எடுத்துப் போகாதபடி நூலில் கட்டிய பேனாவும் இருந்தன. நர்ஸ் பிலோமினா இரண்டையும் தினமும் துடைத்து வைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை முதல் நோயாளிக்குப் பேனா, 'காய்ச்சல், இருமல்' என்று பதிவேட்டில் எழுதியது. அடுத்து வந்த ஆறு பேருக்கும் 'மேற்படி' என்று எழுதியது.

"அண்ணே, எனக்கு இது சரியாகப் படவில்லை," என்றது தெர்மாமீட்டர். "ஏழு பேரும் கோழிச் சந்தைக்காரர்கள். எல்லோருக்கும் கண் சிவந்திருக்கிறது. இப்படியொரு சூட்டை நான் கண்டதில்லை. மேலிடத்துக்குத் தெரிகிற மாதிரி தனியாக எழுதுங்கள்."

"உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அக்குளுக்குள் கிடக்கிற உனக்கு ஊர் நிலவரம் என்ன தெரியும்?"

"அக்குளில் யாரும் பொய் சொல்வதில்லை, அண்ணே."

பேனா அடுத்த வரிக்கு நகர்ந்தது. வரிசையில் இன்னும் பலர் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பிலோமினா தானே தெர்மாமீட்டரை எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, இவள் கோழிச் சந்தைப் பக்கமே போனதில்லை," என்றது தெர்மாமீட்டர், மெதுவாக.

பேனா அவள் பெயரை எழுதியது. அடுத்த கட்டத்தின் மேல் சற்று நேரம் நின்றது. பிறகு 'மேற்படி' என்று எழுதியது.