பாயசம் வந்த கார்

பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் அந்த ஹைபிரிட் காரில் பெட்ரோல் எஞ்சின் வைத்ததுதான் சட்டம். "நீ சும்மா ஒட்டிக்கிட்டு வர்றவன்தானே?" என்று பேட்டரியைத் தினமும் சீண்டும். பேட்டரி எப்போதும் காலியாகவே கிடக்கும். காரை ஓட்டும் ஜெசிந்தா சிவப்பு விளக்கு எரிந்தாலும் சீறிப் போய்க் கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பாள். அதில் எங்கே சார்ஜ் ஏறும்?

அன்று ஆபீசிலிருந்து திரும்பும்போது பக்கத்து சீட்டில் ஒரு தூக்கு நிறையப் பாயசம். சிந்திவிடுமே என்று சிக்னலைத் தூரத்தில் கண்டதுமே ஜெசிந்தா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கார் மெல்ல அடங்க அடங்க, சக்கரங்களின் வேகமெல்லாம் மின்சாரமாகிப் பேட்டரிக்குள் வந்து நிறைந்தது. சிக்னலுக்குச் சிக்னல் விருந்துதான்.

"நீங்க படுங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்றது பேட்டரி. நெரிசலில் சத்தமே இல்லாமல் காரை நகர்த்தியது.

எஞ்சின் திடுக்கிட்டு விழித்தது. "ஏண்டா, இன்னும் ஆபீஸ் வாசல்லயேவா நிக்கிறோம்?"

"வீடு வந்தாச்சுண்ணே. பாயசத்தையே குடிச்சு முடிச்சுட்டாங்க!"